உப்பளத்து வண்டி

என் கணவர் அந்த மோட்டார் வண்டியை வாங்கிக்கொண்டு வந்த அன்று நான் வாசல் கதவைத் திறக்கவில்லை. ராயபுரம் கல்மண்டபத்தில் எங்கள் சந்தில் பாதியை அது அடைத்துக்கொண்டு நின்று உறுமியது. அக்கம்பக்கத்தார் எல்லாரும் வெளியே வந்துவிட்டார்கள். நான் சன்னல் வழியாகப் பார்த்தேன். முன்னால் இரண்டு பேர் உட்காரும் இடம். பின்னால் மூட்டை ஏற்றுவதற்குத் திறந்த பலகைத் தட்டு. புதிதாகக் கறுப்பு வர்ணம் அடித்திருந்தார்கள். எங்கள் மகள் இறந்து அரை வருடம்கூட ஆகவில்லை.

கல்யாணமாகி வெகுகாலம் கழித்துப் பிறந்த ஒரே பெண். பள்ளிக்கூடத்தில் சேர்த்த மறு வருடம் குடற்காய்ச்சல் வந்தது. முன்னறையில் பாய் போட்டுக் கிடத்தியிருந்தோம். டாக்டர் வந்தார், போனார். கடைசி நாட்களில் அவள் மூச்சு வாங்குவது தெருவரைக்கும் கேட்டது. காசிமேட்டுக் கல்லறைத் தோட்டத்தில் அடக்கம் செய்துவிட்டு வந்த அன்றிலிருந்து அவரால் அந்த வீட்டில் தூங்க முடியவில்லை.

"கண்ண மூடுனா அவ மூச்சு வாங்குத சத்தம் கேக்குட்டி," என்பார். எழுந்து சட்டையை மாட்டிக்கொண்டு கடற்கரைக்குப் போய்விடுவார். மீன்காரர்களின் கட்டுமரங்களுக்குப் பக்கத்தில் மணலில் படுத்துவிட்டு, விடிந்ததும் தலையெல்லாம் மண்ணோடு வருவார்.

நாங்கள் திருநெல்வேலிப் பக்கத்தவர்கள். அவரும் அவருடைய அண்ணனும் சேர்ந்து கருப்பட்டி மண்டி வைத்திருந்தார்கள். மண்டிக்கு எதிர்ச்சாலையில் கப்பல் கம்பெனித் துரை ஒருவர் சனிக்கிழமை தோறும் இதே மாதிரி வண்டியில் கூடாரமும் துப்பாக்கியும் ஏற்றிக்கொண்டு ஏரிப்பக்கம் போவார். ஞாயிறு மாலை சேறு அப்பிய சக்கரங்களோடு திரும்பி வருவார். அதைப் பார்த்துப் பார்த்துத்தான் இவருக்கு அந்த எண்ணம் வந்திருக்க வேண்டும். துரைக்கு வேட்டை. இவருக்கு ரோடும் வீடும் இல்லாத ஏதாவது ஓர் இடத்தில் போய்ப் படுக்க வேண்டும், அவ்வளவுதான்.

அண்ணன், எங்கள் மூத்தவர், வீட்டுக்கே வந்து சத்தம் போட்டார். "மண்டிக்கு லாரி கெடக்கு. ஒனக்கு எதுக்குடே இது? காட்டுல போயி படுக்கதுக்கு வண்டி வாங்குனான்னு ஊர்ல கேட்டா சிரிப்பாவ."

"சிரிக்கட்டும்," என்றார் இவர்.

முதல் பயணத்துக்கு முன்னால் ராயபுரத்தில் தெரிந்த மெக்கானிக்கின் பட்டறையில் வண்டியை நிறுத்தினார். நான் முன் இருக்கையில் தலையில் முக்காடு போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். மெக்கானிக் வண்டிக்கு அடியில் மல்லாந்து படுத்தபடி உள்ளே போனான். வெளியே வரும்போது கைநிறைய துருச் செதில்கள்.

"இன்னா நைனா இது? உப்பளத்துல ஓடுன வண்டியா?"

"ஆமா. எண்ணூர்ல உப்பு ஏத்துன வண்டி."

"மேல பளபளன்னு கீது. கீழ பூரா உப்பு துன்னுட்டுக்கீது. அடிச் சட்டத்துல வெரலு உட்டா அந்தப் பக்கம் வருது. எவன் தலையில கட்டுனான்?"

"ஒருத்தரும் கட்டல. வாங்கும்போதே குனிஞ்சு பாத்தேன். தெரிஞ்சுதான் வாங்குனேன்."

மெக்கானிக் என்னைப் பார்த்தான். நான் வேறு பக்கம் திரும்பிக்கொண்டேன்.

"எம்மா நாளு வருமோ வரட்டும்," என்றார் அவர், அவனுடைய பாஷையிலேயே. அவன் சக்கரங்களுக்குக் காற்றடித்துக் கொடுத்தான்.

முதல் தடவை போனது எர்ணாவூரைத் தாண்டி, கடலோரப் பனங்காட்டுக்கு. திருவொற்றியூர்வரை ஒழுங்கான சாலை. அதற்கப்பால் மணல் தடம். சக்கரம் புதையும்போதெல்லாம் இறங்கிப் பனை மட்டைகளை அடியில் போட்டு ஏற்றினார். எனக்கு எரிச்சலாக இருந்தது. ஆனால் அவர் முகத்தில் பல மாதங்களுக்குப் பிறகு ஏதோ ஒரு கவனம் தெரிந்தது. பலகைத் தட்டுக்கு மேல் மூங்கில் வளைத்துத் தார்ப்பாய் கட்டினார். மூன்று கல் வைத்துச் சோறு பொங்கினேன். சாப்பிட்ட கையோடு தட்டில் படுத்தார். தூங்கிவிட்டார். வெயில் முகத்தில் அடிக்கும்வரை அசையவில்லை.

நான் தூங்கவில்லை. மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. ஞாயிறு தோறும் கோயில் ஆராதனை முடிந்ததும் நேராகக் கல்லறைத் தோட்டத்துக்குப் போவேன். மகள் பக்கத்தில் கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டு வருவேன். அடக்கத்துக்குப் பிறகு அவர் ஒரு தடவைகூட அங்கே வரவில்லை. அவளைத் தனியாக விட்டுவிட்டு இங்கே வந்து கிடக்கிறோமே என்றே விடியவிடிய நினைத்துக்கொண்டிருந்தேன்.

அதற்குப் பிறகு சனிக்கிழமை தோறும் வண்டி புறப்பட்டது. செங்குன்றம் ஏரிக்கரை, மணலிக்கு அப்பால் வயல்வெளி, பேர் தெரியாத குட்டைகள். போகிற இடத்தில் எல்லாம் அவர் தூங்கினார். திங்கட்கிழமை வந்தால் மறுபடியும் கண்ணில் குழி விழும். நான் கூடப் போகாமல் இருந்திருக்கலாம். ஆனால் அந்தத் துருப்பிடித்த வண்டியில் அவரைத் தனியாக அனுப்பப் பயமாக இருந்தது.

ஒரு நாள் கேட்டேன். "வாரத்துல ஒரு ஞாயிறு. அதுவும் எனக்குக் கிடையாதா?"

"அங்க போயி என்னட்டி செய்யப் போற? அங்க மண்ணுதான் கெடக்கு," என்றார்.

இந்த வண்டி எங்கேயாவது நின்று தொலையட்டும் என்று மனசுக்குள் ஜெபம்கூட செய்தேன்.

கோடையில் நாகலாபுரத்து மலைப்பக்கம் போக வேண்டும் என்றார். ஊத்துக்கோட்டை தாண்டி ஆற்றைக் கடக்க வேண்டும். தண்ணீர் இல்லை, வெறும் மணல். மாட்டுவண்டித் தடத்தைப் பிடித்தே ஓட்டினார். நடு ஆற்றில் ஒரு பள்ளத்தில் இறங்கி ஏறும்போது அடியில் பெரிய மரக்கிளை முறிவது போல ஒரு சத்தம். வண்டியின் முன்பக்கம் அப்படியே குனிந்துவிட்டது. நான் கண்ணாடியில் போய் இடித்துக்கொண்டேன். அடியில் இருந்த இரும்புச் சட்டம் இரண்டாக முறிந்திருந்தது.

மாடு பூட்டிக்கொண்டு பக்கத்து ஊர்க்காரர்கள் வந்தார்கள். தெலுங்கில் ஏதோ கத்திக்கொண்டே வண்டியைக் கரைக்கு இழுத்தார்கள். அவர் உதவிக்குப் போகவில்லை. கரையில் ஒரு வேலமரத்தடியில் உட்கார்ந்திருந்தார். எனக்கு நெற்றி வீங்கியிருந்தது. ஆனாலும் உள்ளே நிம்மதியாக இருந்தது. அதை நான் மறைக்கவும் இல்லை.

"போதும்ங்க. வீட்டுக்குப் போவோம்," என்றேன்.

"எந்த வீட்டுக்கு?"

அவர் துண்டை முகத்தில் போட்டுக்கொண்டு அழுதார். மகள் இறந்தபோதுகூட அவர் அழுது நான் பார்த்ததில்லை. இழுத்துக்கொண்டிருந்தவர்கள் மாடுகளை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தார்கள்.

மண்டி லாரி போய் வண்டியைக் கட்டி இழுத்துவந்து பட்டறை வாசலில் போட்டது. அவர் போய்ப் பார்க்கவே இல்லை. கடற்கரைக்கும் போகவில்லை. முன்னறையிலேயே சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்வார். தூங்குகிறாரா என்று எட்டிப் பார்த்தால் கண் திறந்திருக்கும். சாப்பிடுங்கள் என்றால் சாப்பிடுவார், போதும் என்று தானாகச் சொல்ல மாட்டார். மண்டியில் வியாபாரிகள் கேட்டதற்கு மாறிப் பதில் சொல்கிறார் என்று மூத்தவர் அவரைச் சும்மா உட்கார வைத்துவிட்டார். நான் வேண்டியபடியே நடந்தது. அதன் பிறகுதான் எனக்குப் பயம் பிடித்தது.

ஒருநாள் நானே பட்டறைக்கு நடந்து போனேன். அந்தக் காலத்தில் எங்கள் வீட்டுப் பெண்கள் அப்படிப் போகிற வழக்கமில்லை. மெக்கானிக் கையைத் துடைத்துக்கொண்டு எழுந்து நின்றான்.

"அத எப்படியாவது ஓட வச்சுக் குடுங்க," என்றேன்.

"சட்டத்த பத்த வெச்சித் தரலாம்மா. நாலு நாளு ஓடும். அப்பால இன்னொரு எடத்துல ஒடஞ்சி உட்டுக்கும். ஆத்துல ஒடஞ்சதால பொழச்சீங்க. மலை மேல ஒடஞ்சிருந்தா?" கொஞ்சம் தயங்கினான். "வேற நல்ல வண்டியா வாங்கிக் குடும்மா. மன்சன் பேஜாரா கீறாரே."

அதையும் அவரிடம் சொல்லிப் பார்த்தேன். "வேண்டாம்," என்று ஒரே சொல்லில் முடித்துவிட்டார்.

பிறகு ஒரு சனிக்கிழமை, படுக்கை விரிப்பும் சோற்றுப் பானையும் கட்டி எடுத்துக்கொண்டு, ரயிலில் அவரை எண்ணூருக்குக் கூட்டிப்போனேன். மறுப்புச் சொல்லாமல் வந்தார். உப்பங்கழியோரத்தில் விரிப்பைப் போட்டேன். உட்கார்ந்தார். தண்ணீர் வற்றிச் சேறு நாறியது. வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "ரயிலுக்கு நேரமாச்சுல்லா?" என்றார். நான் விரிப்பைச் சுருட்டினேன். ரயில் வரும்வரை மேடையில் நின்றோம். அப்போது அவர் என்னைப் பார்க்காமலே சொன்னார்:

"நாளைக்கு நீ போறப்ப நானும் வாரேன்."

மறுநாள் காசிமேட்டில் எங்கே திரும்புவது என்று தெரியாமல் வரிசைகளுக்கு நடுவில் நின்றுவிட்டார். கையைப் பிடித்துக் கூட்டிப்போய்க் காட்டினேன். தலைமாட்டில் இருந்த சிறிய கல்லைத் தொட்டுப் பார்த்தார்.

"இத யாரு வச்சது?"

"நான்தான். நீங்க செங்குன்றத்துல தூங்கிட்டு வந்த வாரம், மண்டிக்குப் போயிருந்தப்ப கொத்தனார்ட்ட சொல்லி வச்சேன்."

கோபமாகத்தான் சொன்னேன். அவர் உட்கார்ந்து, கல்லைச் சுற்றி முளைத்திருந்த புல்லைப் பிடுங்க ஆரம்பித்தார். கொஞ்ச நேரம் கழித்து நானும் மறுபக்கம் உட்கார்ந்து பிடுங்கினேன்.

அதற்குப் பிறகு ஒரு ஞாயிறும் விடாமல் வந்தார். பழைய மனிதராக ஆகிவிட்டார் என்று சொல்ல மாட்டேன். தூக்கம் கடைசிவரை வரவில்லை. மண்டிக்குப் போவார், வருவார். பட்டறைக்காரன் வண்டியைப் பிரித்து எதெது உதவுமோ அதையெல்லாம் எடுத்துக்கொண்டான். அவரிடம் கேட்டபோது தலையாட்டினார்.

சில வருடங்களில், மண்டியில் உட்கார்ந்தபடியே மார்பைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தார். மகள் பக்கத்தில் வைக்க வேண்டும் என்று கேட்டுப் பார்த்தேன். அந்த வரிசை நிறைந்துவிட்டிருந்தது. வடக்குச் சுவரோரம் ஒதுக்கமாக ஓர் இடம்தான் கொடுத்தார்கள். இப்போதும் ஞாயிற்றுக்கிழமை கேட்டைத் தாண்டி உள்ளே நுழைந்ததும், எந்தப் பக்கம் முதலில் போவது என்று கொஞ்ச நேரம் அங்கேயே நிற்கிறேன்.