காருக்குள் வந்த எண்ணெய்ப் புகை

எங்கள் கார் என்னைவிட வயதில் மூத்தது. ஆசைப்பட்டு வாங்கியவர் என் கணவர். அதில் ஏறியதும் மூக்கில் கைக்குட்டையை வைத்துக்கொள்பவரும் அவர்தான். இன்ஜினின் அடிவயிற்றில் சேரும் எண்ணெய்ப் புகை ஒரு குழாய் வழியாக வண்டிக்கு அடியில் வெளியேறும். சிக்னலில் நின்றால் அப்படியே உள்ளே வந்துவிடும். சிதம்பரத்திலிருந்து கடலூர் போய்ச் சேர்வதற்குள் அவருக்குத் தலைவலி.

குடிகாட்டில் ஒரு ரசாயனத் தொழிற்சாலையில் வால்வுகளைப் பராமரிப்பது என் வேலை. புகையை இன்ஜினே திரும்ப இழுத்து எரித்துவிடும்படி ஒரு சின்ன வால்வு மாட்டலாம் என்று எனக்குத் தெரியும். மேல்பட்டாம்பாக்கத்தில் ஒர்க்‌ஷாப் வைத்திருக்கும் தம்பியிடம் சொன்னேன்.

"அந்தக் காலத்து இன்ஜினுக்கு அதெல்லாம் செட் ஆவாதுக்கா. மாமாவ கண்ணாடிய எறக்கி வுட்டுக்கச் சொல்லு" என்றான்.

ஞாயிற்றுக்கிழமை காலை நானே வேலையில் இறங்கிவிட்டேன். பழைய குழாயை அடைத்தேன். இன்ஜினின் மேல்மூடியிலிருந்து கார்புரேட்டருக்குக் கீழே ஒரு ஹோஸ் இழுத்து, நடுவில் பழைய சாமான் கடையில் கிடைத்த ஒரு வால்வைப் பொருத்தினேன். ஸ்டார்ட் செய்தால் இன்ஜின் குலுங்கி நின்றுபோனது. மூன்று முறையும் அதே கதை.

"மச்சான் பேச்சக் கேட்டிருக்கலாம்" என்றார் கணவர்.

"மாட்னது சரிதான். நீங்க ஆக்சிலேட்டர மெதுவா அழுத்திப் புடிங்க."

அவர் அழுத்த, நான் இடுக்கியால் ஹோஸை நெரித்தேன். குலுங்கல் சட்டென்று அடங்கியது. ஆக, வால்வு அளவுக்கு மீறிக் காற்றை விடுகிறது. அது பெரிய இன்ஜினுக்கானது.

அடுத்த வாரம் புதுச்சேரியில் தேடி, சின்ன இன்ஜினுக்கான வால்வை வாங்கி மாட்டினேன். கார்புரேட்டர் திருகைக் கால் சுற்று திருப்பியதும் ஓட்டம் சீரானது. எண்ணெய் ஊற்றும் வாயைத் திறந்து அதன்மேல் ஒரு காகிதத்தை வைத்தேன். முன்பு என்றால் புகை அதைத் தூக்கி எறிந்திருக்கும். இப்போது இன்ஜின் உள்ளிழுக்க, காகிதம் வாயோடு ஒட்டிக்கொண்டது. வீடியோ எடுத்துத் தம்பிக்கு அனுப்பினேன். உடனே போன் வந்தது.

"அக்கா, அந்த வால்வ எங்க வாங்குன? இங்க ரெண்டு வண்டி இதே மாரி நிக்குது."

அன்று மாலை கடலூரிலிருந்து திரும்பும்போது நல்ல மழை. கண்ணாடிகளை முழுக்க ஏற்றிவிட்டு ஓட்டினேன். புதுச்சத்திரம் தாண்டுவதற்குள் பக்கத்து சீட்டில் கணவர் வாயைத் திறந்துகொண்டு தூங்கிவிட்டார்.