முடிவு பார்க்காத கதை

வாரம் ஒரு தனிக்கதை காட்டும் விஞ்ஞானப் புனைகதைத் தொடரை டிவியில் அம்மாவும் நானும் பார்த்துக்கொண்டிருந்தோம். வேற்றுக்கிரகத்துக் குழந்தை ஒன்று தாகத்தோடு ஓர் ஊருக்குள் வருகிறது. தொடப் பயந்தவர்கள் எட்ட நின்று அதன் கையில் தண்ணீர் ஊற்றுகிறார்கள்.

“ச்சே, இவங்கெல்லாம் மனுசங்களாம்மா?” என்றேன். எனக்குக் கண் கலங்கிவிட்டது.

அப்போது, மாரண்டஹள்ளி மண்டிக்கு அனுப்ப எங்கள் தோட்டத்தில் தக்காளி பறித்துக்கொண்டிருந்த மாதம்மா வாசலுக்கு வந்து, “தண்ணி ஊத்துங்க பாப்பா” என்றார். செம்போடு போனேன். அவர் குனிந்து கைகளைக் குவித்தார். நானும் எப்போதும்போல் செம்பை உயர்த்தி, படாமல் ஊற்றினேன். பாதியில்தான் உறைத்தது. ஆனாலும் என் கை இறங்கவில்லை.

மாதம்மா வாயைத் துடைத்துக்கொண்டு, ஜன்னல் வழியே டிவியில் இன்னும் கையேந்தி நின்ற குழந்தையைப் பார்த்தார்.

“பாவங்க அந்தக் கொழந்த. கடைசியிலயாவது டம்ளர்ல குடுப்பாங்களா?”

அன்று எங்கள் ரசத்துக்கும் அந்தக் கைகள் பறித்த தக்காளிதான். கதையின் முடிவை நான் இன்றுவரை பார்க்கவில்லை.