அஞ்சடியில் நின்ற மாப்பிள்ளை

வெள்ளைக்காரர்களின் புது வருஷத்துக்கு எங்கள் ரப்பர் தோட்டத்தில் ஒரு நாள் லீவு. தோட்டத்தில் கணக்கெழுதும் கிராணியாகிய நான் என் குடும்பத்தை ஜோகூர் பாருவுக்குக் கூட்டிப்போய்க் கடலைக் காட்டுவதென்று முடிவாகியிருந்தது. முடிவெடுத்தவள் என் மனைவி. நான் அதை என் சொந்த யோசனையாக நாலு பேரிடம் சொல்லிவைத்திருந்தேன்.

லாயாங் லாயாங்கில் ரயில் ஏறியிருக்கலாம். ரயிலில் போனால் யார் பார்க்கப்போகிறார்கள்? அதனால் வாடகைக் கார். மேலே கான்வாஸ் கூரை, முன்னால் மலாய்க்கார டிரைவர், பின்னால் மனைவி, இரண்டு பெண்பிள்ளைகள், நான். டிசம்பர் முழுக்கப் பெய்து ஓய்ந்திருக்க வேண்டிய மழை ஜனவரிக்கும் பேர் பதிந்துகொண்டு எங்களோடு கிளம்பியது.

கூலாய்க் கடைத்தெருவைத் தாண்டியதும் ரோடு தண்ணீருக்குள் இறங்கிக் காணாமல் போயிற்று.

"பாஞ்சிர், கிராணி. தாபோலே," என்றார் டிரைவர். வெள்ளமாம், முடியாதாம். தோட்டத்துக்குத் திரும்பியும் போக மாட்டாராம். கண்ணெதிரே இருப்பதே தெரியவில்லை, மழை விடட்டும் என்றார். கான்வாஸ் கூரை அதற்குள் எங்கள் தலையில் ஒழுக ஆரம்பித்திருந்தது.

"அண்ணன் வீடு இங்கதானே இருக்கு," என்றாள் மனைவி, வெகு சாதாரணமாக. அவள் அவ்வளவு சாதாரணமாகப் பேசினால் முடிவு முன்பே எடுத்தாகிவிட்டது என்று அர்த்தம்.

அவளுடைய அண்ணன் கூலாயில் மளிகைக்கடைக்காரர். மூன்று வருஷத்துக்கு முன் அவர் வீட்டுக் கிரகப்பிரவேசத்தில் என்னை முதல் பந்தியில் உட்கார வைக்கவில்லை. வீட்டு மாப்பிள்ளை நான் நிற்கிறேன். யாரோ ஒரு மரக்கடைக்காரருக்கு இலை போட்டுப் பாயசம் விடுகிறார்கள். நான் சாப்பிடாமலே கிளம்பி வந்துவிட்டேன். ஓடிவந்து கையைப் பிடிப்பார் என்று ஸ்டேஷன் வரைக்கும் மெதுவாகத்தான் நடந்தேன். வரவில்லை. அதிலிருந்து பேச்சுவார்த்தை இல்லை. நான் மிதிக்காத வீட்டை என் மனைவியும் மிதிக்கக் கூடாது என்று சட்டம் போட்டேன். அப்பா அம்மா போன பிறகு இந்தச் சீமையில் அவளுக்கென்று இருந்தது அந்த ஒரு அண்ணன்தான். அது எனக்குத் தெரியாமல் இல்லை. ஆனால் முதல் பந்தி முதல் பந்திதானே?

கார் ஊர்ந்து திரும்பி மச்சானின் கடை வாசலில் நின்றது; வீடு கடைக்குப் பின்கட்டுதான். லீவு நாளானதால் ஒரு கதவுப் பலகை மட்டும் திறந்திருந்தது. மனைவி என்னைக் கேட்கவில்லை. பிள்ளைகளை இழுத்துக்கொண்டு அஞ்சடியைத் தாண்டி உள்ளே போய்விட்டாள். கடைக்கு முன்னால் ஐந்தடி அகலத்துக்கு ஒரு நடைபாதை உண்டல்லவா, அதிலேயே நான் நின்றேன். வீட்டுக்காரன் வாய் திறந்து "வாங்க" என்று சொல்லாமல் மாப்பிள்ளை படியேறுவதில்லை.

மச்சான் உள்ளே சாக்கு மூட்டைமேல் உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்தார். பிறகு, நான் நின்ற இடத்தில் ஒன்றுமே இல்லாததுபோல் மழையைப் பார்த்தார்.

"வாங்கண்ணே, நனையிறீங்களே," என்று அவர் மனைவி எட்டிப் பார்த்தாள். அது கணக்கில் சேராது. ஆண்பிள்ளை சொல்ல வேண்டும்.

"இங்கேயே காத்து நல்லா இருக்கும்மா," என்றேன். அந்தக் காற்று என் வேட்டியை முழங்காலுக்கு மேல் தூக்கிக்கொண்டிருந்தது.

மச்சான் தன் தங்கையிடம் பேசினார், எனக்குக் கேட்கும்படியாக. "ஏன் தங்கச்சி, வெளிய யாரோ நிக்கிறாங்களே, சாமான் வாங்க வந்தவரா? இன்னிக்குக் கடை இல்லன்னு சொல்லிடு."

"உங்க அண்ணன்கிட்ட சொல்லு," என்றேன் நானும், "மழைக்கு ஒதுங்கினவனை விரட்டுறதுக்கு அஞ்சடி ஒண்ணும் அவர் அப்பன் வீட்டுச் சொத்து இல்ல. சர்க்கார் இடம்."

"சர்க்கார் இடத்துலயே குடித்தனம் பண்ணச் சொல்லு. பந்தி கிந்தி ஒண்ணும் அங்க கிடையாது."

அந்த நேரம் பார்த்து அவர் எழுந்து வாசலுக்கு வந்தார். நான் வேட்டியை இறக்கிச் சரிசெய்துகொண்டேன். வந்தவர் என்னைத் தாண்டிக் கையை நீட்டி, காரில் இருந்த டிரைவரைப் பார்த்து, "மாரி மாசுக், மினும் கோப்பி!" என்றார். உள்ளே வா, காப்பி குடி என்கிறார், மலாயில். டிரைவர் என்னைச் சுற்றிக்கொண்டு உள்ளே போனார். சற்று நேரத்தில் அவர் முறுக்கு கடிக்கும் சத்தம் கேட்டது. நன்றாக வெந்த முறுக்கு.

சின்னவள் ஓடி வந்தாள். "அப்பா, நீங்க ஏம்ப்பா வெளிய நிக்கிறீங்க? மாமா கேக்கச் சொன்னாரு, உங்களுக்குக் காலு வலிக்குதான்னு."

"வலிக்கலன்னு சொல்லு."

"வலிக்கும்னு அவரே சொன்னாரு."

மழை ஒருவழியாகத் தூறலானது. தோட்டத்துக்குத் திரும்பலாம் என்று டிரைவர் வாயைத் துடைத்துக்கொண்டு வந்தார். "கிளம்பு!" என்று உள்ளே பார்த்துக் கத்தினேன்.

மனைவி வாசலில் வந்து நின்றாள். அண்ணியின் புடவையைக் கட்டியிருந்தாள். தலையை உலர்த்திப் பின்னியிருந்தாள். கையில் ஒரு தம்ளர் தண்ணீர்.

"இதைக் குடிச்சா வரேன். இல்லன்னா நானும் பிள்ளைங்களும் இங்கதான். நீங்க சர்க்கார் ரோட்டுலயே போங்க."

பகையுள்ள வீட்டில் தண்ணீர் குடித்தால் பகை முடிந்தது என்று அர்த்தம். அவளுக்கும் தெரியும், அவள் அண்ணனுக்கும் தெரியும். மச்சான் மூட்டைமேல் அசையாமல் இருந்தார். இப்போதாவது அந்த ஒரு வார்த்தையைச் சொல்லுவார் என்று பார்த்தேன். அவர் தாடையைச் சொறிந்துகொண்டார்.

"மூணு வருஷம்," என்றாள் அவள் மெல்ல. "நானா கேட்டேன் உங்க பந்தியை?"

செருப்பைக் கழற்றிவிட்டுப் படியேறினேன். தம்ளரை வாங்கி அண்ணாந்து ஊற்றிக்கொண்டேன். அவசரத்தில் புரையேறியது. யாரும் தலையில் தட்டவில்லை.

"மெதுவாக் குடிக்கச் சொல்லு, தங்கச்சி. விஷம் வைக்கிற அளவுக்கு நமக்கு அவர் வேண்டியவர் இல்ல," என்றார் மச்சான்.

கார் தோட்டத்தைப் பார்த்துத் திரும்பியது. ரப்பர் மரங்களெல்லாம் தண்ணீரில் நின்றன. மனைவி ஏதோ ஒரு பாட்டை முணுமுணுத்துக்கொண்டு வந்தாள்.

"அடுத்த மாசமும் அண்ணன் வீட்டுக்குப் போகலாம்னு இருக்கேன்," என்றாள்.

"என்னைக் கூப்பிடாதே. நான் வரமாட்டேன்."

"உங்களை யாருங்க கூப்பிட்டா?" என்றாள்.