ரிப்போர்ட்டில் நான் எழுதிய ஆமீன்

பழங்காநத்தத்தில் நான் பதினான்கு வருடம் ஊழியம் செய்தேன். இஸ்லாமியக் குடும்பங்களோடு பழகி, சந்தர்ப்பம் கிடைக்கும்போது இயேசுவைப் பற்றிச் சொல்வதுதான் எனக்குக் கொடுக்கப்பட்ட வேலை. மாதக் கடைசியில் எங்கள் ஸ்தாபனத்தின் கே.கே. நகர் ஆபீஸுக்கு ரிப்போர்ட் அனுப்ப வேண்டும். புதிதாக இந்த வேலைக்கு வருகிறவர்கள் என்னிடம் அனுபவம் கேட்கிறார்கள். நான் செய்த பெரிய தப்பைச் சொல்கிறேன்.

1. ஆஸ்பத்திரி

பக்கத்து வீட்டு நூர்ஜஹான் அக்காவின் கணவர் மெத்தைக் கடை வைத்திருந்தார். அவருக்கு பைபாஸ் ஆபரேஷன் நடந்த அன்று அக்காவோடு நானும் வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன்.

“கிருபா, நீயும் துஆ கேளு” என்றார் அக்கா. நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டு ஜெபித்தேன். முடிவில் அவர் “ஆமீன்” என்றார். ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது.

எந்த துஆவுக்கும் அவர்கள் ஆமீன் சொல்வார்கள். அது எனக்கு நன்றாகத் தெரியும். தெரிந்தும் அந்த மாத ரிப்போர்ட்டில், ‘மெத்தைக் கடைக்காரர் மனைவி ஜெபத்தில் ஆமீன் சொன்னார். இயேசுவை ஏற்றுக்கொள்ளும் நிலையில் இருக்கிறார்’ என்று எழுதினேன். ஆபீஸில் அதை மாதப் பத்திரிகையில் போட்டார்கள். பெயர் போடவில்லை, தெருவின் பெயரைப் போட்டிருந்தார்கள். யாரோ அந்தப் பக்கத்தை போட்டோ எடுத்து வாட்ஸப்பில் அனுப்ப, அது பேரையூர் வரை போய்விட்டது.

பேரையூரில்தான் அக்காவின் மகள் ஷிரினுக்கு மாப்பிள்ளை பார்த்து நிச்சயம் செய்திருந்தார்கள்.

அக்கா போனோடு என் வீட்டுக்கு வந்தார்.

“இது நாந்தானே கிருபா?”

“ஆமாக்கா.”

“நான் எப்ப இப்பிடிச் சொன்னேன்?”

“சொல்லல. நானா எழுதுனேன்.”

அவர் சத்தம் போடவில்லை. “விசாரிச்சு முடிக்கிற வரைக்கும் நிக்காஹ் வேணாம்னு சொல்லிட்டாங்க. ஷிரின் ரெண்டு நாளாச் சாப்பிடல” என்று சொல்லிவிட்டுப் போனார். நானும் அன்று சாப்பிடவில்லை. அதனால் யாருக்கும் பிரயோஜனம் இல்லை.

2. பேரையூர்

பேரையூர் போய் உண்மையைச் சொல்லப் போகிறேன் என்று ஆபீஸ் பொறுப்பாளர் சாரிடம் சொன்னேன். “பேரு போடலையேம்மா. நீங்க போயி நின்னா நம்ம ஸ்தாபனத்துக்குத்தான் கெட்ட பேரு. அப்புறம் உங்க வேலைக்கு நான் பொறுப்பில்ல” என்றார்.

“எழுதுனது நான் சார். போயிட்டு வாரேன்” என்றேன். பஸ்ஸில் இரண்டு முறை இறங்கிவிடலாம் என்று தோன்றியது.

மாப்பிள்ளை வீட்டில் ஐந்து ஆண்கள் உட்கார்ந்திருந்தார்கள். பேசியவர் மாப்பிள்ளையின் பெரியத்தா, அதாவது அத்தாவின் அண்ணன். ரிட்டயர்டு வாத்தியார்.

“நீங்க எழுதுனது பொய்ங்கிறீங்க.”

“ஆமா. நான் ஜெபிச்சது நிஜம். அக்கா ஆமீன் சொன்னது நிஜம். மத்தது நான் சேத்தது.”

“எதுக்குச் சேத்தீங்க?”

“அந்த மாசம் எழுதுறதுக்கு வேற ஒண்ணும் இல்ல.”

பின்னால் ஒருவர் சிரித்தார். வாத்தியார் சிரிக்கவில்லை. எழுதிக் கொடுக்கச் சொன்னார். எழுதிக் கொடுத்தேன். வாசித்துப் பார்த்து, ஒரு ஒற்றுப் பிழையைத் திருத்தி என்னிடமே நீட்டினார். அதற்கும் பக்கத்தில் கையெழுத்துப் போட்டேன்.

டீ வந்தது. குடித்துக்கொண்டிருக்கும்போது, “உங்கள யாரும் வரச் சொல்லலையே. ஏன் வந்தீங்க?” என்று கேட்டார்.

அத்தனை வருடத்தில் என்னிடம் யாரும் இப்படிக் கேட்டதில்லை. “பொய்ச்சாட்சி சொல்லாதேன்னு எங்க வேதத்துல இருக்கு. நீங்க ஈசா நபிங்கிறவர நான் ஆண்டவரா நம்புறேன். இத வச்சுக்கிட்டு அவர் முன்னாடி நிக்க முடியல” என்றேன்.

அவர் டீ கிளாஸைக் கீழே வைத்தார். “ஆண்டவருங்கிறதுல எங்களுக்குச் சம்மதமில்ல. பொய்ச்சாட்சி விஷயத்துல சம்மதம்.”

நிக்காஹ் குறித்த நாளில் நடந்தது. எனக்குக் கல்யாணப் பத்திரிகை வரவில்லை. மைக் செட் சத்தம் வீட்டுக்குள் நன்றாகக் கேட்டது. ஆபீஸில் என் வேலையைப் பறிக்கவில்லை. கடைசிப் பக்கத்தில் இரண்டு வரி மறுப்புப் போட்டு, என்னை நான்கு மாதம் பத்திரிகை மடிக்க உட்கார வைத்தார்கள்.

3. செக்கப்

அந்த நான்கு மாதமும் அக்கா பேசவில்லை. ஒருநாள் காலையில் வாசலில் வந்து நின்றார். “அவுகளுக்கு இன்னைக்கு செக்கப். கூட வாரியா?”

நான் செருப்பை மாட்டினேன்.

அதே ஆஸ்பத்திரி. கணவரை ஸ்கேனுக்கு உள்ளே கூட்டிப் போனதும், “துஆ கேக்குறியா?” என்றார் அக்கா. கேட்டேன். அவரும் கையேந்தி எனக்காக துஆ கேட்டார். நானும் ஆமீன் சொன்னேன். பிறகு, “இத எழுதுவியா?” என்றார்.

“நீங்க வேணாம்னா எழுதல.”

“எழுது. எனக்கு வாசிச்சுக் காட்டிட்டு அனுப்பு.”

மாதக் கடைசியில் வாசித்துக் காட்டினேன். “பாதிதான் இருக்கு. நான் உனக்கு துஆ கேட்டேன்ல? அது எங்க?” என்றார். அதையும் சேர்த்தேன்.

இளைய ஊழியர்களுக்கு நான் சொல்வது இதுதான்: ஒருவரைப் பற்றி எழுதுவதை அவர் முகத்துக்கு நேரே வாசித்துக் காட்ட முடியாவிட்டால், எழுதாதீர்கள். விசுவாசத்தைச் சொல்லத்தான் போகிறோம், சொல்லுங்கள். அவர்கள் பதிலை அவர்களே சொல்லட்டும்.

அந்த ரிப்போர்ட்டைப் படித்துவிட்டு சார் கூப்பிட்டார். “யாரு யாருக்கு ஊழியம் செஞ்சதுன்னே தெரியலையேம்மா?”

“எனக்கும் தெரியல சார். நடந்தத எழுதியிருக்கேன்” என்றேன்.