மாமனார் மாட்டிய பித்தளை ஷவர்

சுபாங் ஜெயாவில் என் மகன் வீட்டுக் குளியலறையில், சவர்க்காரம் வைக்கும் மாடத்தின் ஓரத்தில், உள்ளங்கை அகலத்தில் ஒரு பித்தளை ஷவர் தலை பச்சைக் களிம்பு ஏறிக் கிடக்கிறது. குளியலறையைக் குறைந்த செலவில் புதுப்பிக்கப் போவதாகச் சொல்லும் என் மகன், அதை நேற்று குப்பைக் கூடையில் போட்டான். நான் எடுத்து மீண்டும் மாடத்தில் வைத்தேன். அதைப் பார்க்கும்போதெல்லாம் என் மாமனார் மீது எனக்கு இருந்த எரிச்சல் நேற்றுப் பட்டதுபோல் திரும்பி வருகிறது.

ஜப்பான்காரன் வருவதற்குச் சில ஆண்டுகளுக்கு முன், பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குவார்ட்டர்ஸில் மாமனார் குடியிருந்தார். அவர் சரக்குக் கொட்டகையில் கணக்கெழுதும் கிராணி. என் மனைவி தலைப்பிரசவத்துக்காகத் தாய்வீடு போயிருந்தாள். வொர்க்‌ஷாப்பில் பிட்டராக இருந்த நானும், தனியே சமைத்துண்ணும் திறமையின்மையால், அங்கேயே போய்த் தங்கினேன். மாமனாரின் சிக்கனத்தை அதுவரை நான் தூரத்திலிருந்துதான் பார்த்திருந்தேன்.

அவ்வீட்டுக் குளியலறையில் முழங்கால் உயரத்துக்கு ஒரு சிமெண்டுத் தொட்டி இருந்தது. குனிந்து மொண்டு குளிக்க வேண்டும். ஊருக்குத் திரும்பிய ஏதோ ஒரு துரையின் சாமான்களை ஏலம் போட்டபோது, மாமனார் இந்தப் பித்தளை ஷவரை வாங்கி வந்து, தொட்டிக்கு மேலிருந்த குழாயில் தாமே மாட்டிவிட்டார். குவார்ட்டர்ஸ் குழாயில் குடியிருப்பவர் கைவைப்பது விதிக்கு விரோதம். கண்டுபிடித்தால் வீட்டைக் காலி செய்யச் சொல்வார்கள். நிறைமாதக்காரியை வைத்துக்கொண்டு எதற்கு இந்த ஆடம்பரம் என்று கேட்டேன். துரைமார் வீட்டில் இருப்பது நம் வீட்டில் இருக்கக்கூடாதா என்று கேட்டார். அதற்கு மேல் அவரோடு பேச முடியாது.

அந்நிலையில், சனிக்கிழமை காலை சுகாதார இன்ஸ்பெக்டர் வீடுகளைப் பார்வையிட வருவார் என்று அறிவிப்பு வந்தது. குளியலறைச் சுவரோ பல ஆண்டுகளின் நல்லெண்ணெயும் சீயக்காயும் ஊறிக் கருத்து, மூலைகளில் பாசி பிடித்திருந்தது. மனுக் கொடுத்தால் இலாகா ஆட்களே வந்து வெள்ளையடித்துக் கொடுப்பார்கள். சல்லிக் காசு செலவில்லை. இதை நான் எடுத்துச் சொன்னபோது மாமனார் என்னை இரக்கத்தோடு பார்த்தார்.

“வெள்ளையடிக்க வர்றவன் சுவத்த மட்டுமா பாப்பான் மாப்பிள்ளை? தலைக்கு மேல தொங்குறதையும்ல பாப்பான்.”

அப்படியானால் அதைக் கழற்றிவிடலாமே என்றேன். நான் ஸ்பானருடன் அவர் எதிரே நின்றே அதைச் சொன்னேன். இன்ஸ்பெக்டர் சுவர் வெள்ளையாக இருக்கிறதா என்றுதான் பார்ப்பார், அண்ணாந்து பார்க்கமாட்டார் என்பது மாமனாரின் கணக்கு. வெற்றிலைக் கடையில் விலைகுறைத்துக் கேட்டு வாங்கிய கிளிஞ்சல் சுண்ணாம்பை மண்ணெண்ணெய்த் தகரத்தில் கரைத்தார். துணிக்குப் போடும் நீலத்தில் ஒரு சிட்டிகை கலந்தார். தூரிகை வாங்க மனமின்றித் தென்னை மட்டையின் நுனியை நசுக்கிக்கொண்டார். எண்ணெய்ச் சுவரில் சுண்ணாம்பு பிடிக்காமல் வழிந்தது. தேங்காய்ச் சிரட்டையால் சுரண்டும் வேலை என் தலையில் விழுந்தது. மூன்று பூச்சுக்குப் பிறகு, வியாழக்கிழமை மாலை, அறை உண்மையிலேயே பளிச்சென்று ஆயிற்று. மாமனார் வாசலில் நின்று, கோயில் கருவறையைப் பார்ப்பவர்போல் பார்த்தார்.

மறுநாள் வெள்ளிக்கிழமை என்பதை நாங்கள் இருவருமே நினைக்கவில்லை.

அன்று மாமியாரும் என் மனைவியும் வழக்கம்போல் மஞ்சள் பூசித் தலைமுழுகினார்கள். வேலை முடிந்து வந்து குளியலறைக் கதவைத் திறந்தவன் திடுக்கிட்டு நின்றேன். ஈரச் சுண்ணாம்பில் மஞ்சள் நீர் பட்ட இடமெல்லாம் சிவந்து, ஆட்டை அறுத்த இடம்போல் இருந்தது சுவர். ஆரத்தி கரைக்கும் வீடுகளில் பிறந்து வளர்ந்த எங்களில் ஒருவருக்கும் இது முன்கூட்டித் தோன்றவில்லை. மேலே பூச மாமனாரிடம் சுண்ணாம்பு மிச்சமில்லை. அளவாக வாங்கியிருந்தார்.

சனிக்கிழமை வந்த இன்ஸ்பெக்டர் யாழ்ப்பாணத்தவர். கதவைத் திறந்ததும் ஓரடி பின்வாங்கினார்.

“இதென்ன, ஆருக்கும் காயமோ?”

“காயமெல்லாம் இல்லைங்க ஐயா. நேத்து வெள்ளிக்கிழமை” என்றார் மாமியார்.

இன்ஸ்பெக்டர் வீட்டிலும் பெண்கள் இருந்திருக்க வேண்டும். உதட்டைக் கடித்துக்கொண்டு தலையாட்டினார். ஆனால் சிவப்பின் தடத்தைப் பிடித்துக்கொண்டே போன அவர் கண், அது எங்கிருந்து தெறித்தது என்று மேலே போய் ஷவரில் நின்றது. மாமனாரின் கணக்கு அங்கே உடைந்தது.

“உது ஆர் பூட்டினது?”

மாமனாரின் விரல்கள் அவருடைய வெள்ளைக் கோட்டின் பொத்தான் ஒன்றைத் திருகிக்கொண்டிருந்தன. வீடு கைவிட்டுப் போயிற்று என்றே நினைத்தேன். அப்போது என் மனைவி, இடுப்பில் கையூன்றிக்கொண்டு, சமையலறையிலிருந்து வந்தாள்.

“எனக்குத் தொட்டியில குனிஞ்சு மொள்ள முடியலைங்க. அதுக்குத்தான் அப்பா போட்டாரு.”

நான் மாமனாரைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்க்காமல் சுவரைப் பார்த்தார். அதை முதலிலேயே சொல்லியிருந்தால் எத்தனை வாக்குவாதம் மிச்சமாகியிருக்கும்!

இன்ஸ்பெக்டர் அவளை ஒருமுறையும் குழாயை ஒருமுறையும் பார்த்தார். “பிள்ளை பிறக்குமட்டும் கிடக்கட்டும். பிறகு கழட்டிப் போடுங்கோ” என்று சொல்லிவிட்டு அடுத்த வீட்டுக்குப் போனார்.

மகன் பிறந்தான். தீட்டுக் கழிந்த அன்றே மாமனார், இன்ஸ்பெக்டர் சொன்ன சொல் தவறாமல் அதைக் கழற்றி, புளி போட்டுத் துலக்கி, துணியில் சுற்றி வைத்தார். அடுத்தடுத்த பிரசவங்களுக்கு என் மனைவி வருகிற செய்தி எட்டியதும், மகளை வரவேற்கும் முன்பே ஸ்பானரைத் தேடி எடுத்துவிடுவார்.

இன்று காலை அந்த மகன், காதோரம் நரைத்தவன், வெள்ளைப் பெயிண்ட் டின்னோடு வந்து நின்றான். “இத ஏன்ப்பா மறுபடி எடுத்து வச்சீங்க? பிளாஸ்டிக்ல ஒன்னு மாட்டிக்கலாம்லா, அதுதான் மலிவு” என்றான். யாருக்காக அது மாட்டப்பட்டதோ அவனே சொல்கிறான். மலிவு என்று சொல்லும்போது அவன் முகம் அப்படியே தாத்தாவின் முகம். அவனோடும் பேசிப் பயனில்லை. சமையலறைக்குப் போய், ஒரு கிண்ணத்தில் புளியைக் கரைக்கத் தொடங்கினேன்.