அரத்தை ஒளித்து வைத்த அன்று

என் அப்பா செய்த முதல் கத்தி, பழுக்கக் காய்ச்சி எண்ணெயில் முக்கிய மாத்திரத்தில் வாழைப்பழம் மாதிரி வளைந்துகொண்டது. இரண்டாவது, முக்கும்போதே 'டிங்' என்று ஒரு சத்தம் போட்டுக் குறுக்கே விரிசல் விட்டது. மூன்றாவது நேராகத்தான் வந்தது. ஆனால் அம்மா அதை வைத்துப் பூசணிக்காயைப் பிளந்தபோது பிடி மட்டும் கையோடு வந்தது, கத்தி காயிலேயே நின்றுவிட்டது. "அறுக்குது, நல்லாத்தான் அறுக்குது" என்று சொல்லி, அம்மா பிடியை முந்தானையில் துடைத்து அப்பாவிடம் நீட்டினாள். எனக்கோ அம்மாவுக்கு ஏதோ ஆகிவிட்டது என்று தோன்றியது.

வில்லியனூரை ஒட்டிய கிராமம் எங்களுடையது. அப்பா சேதராப்பட்டில் ஒரு கம்பெனியில் குழாய் அறுக்கும் வேலையில் இருந்தார். காலை ஷிப்ட். எனக்கு அப்போது எட்டு வயது. கத்தி விற்பதற்கும் இல்லை, வீட்டுக்குக் கத்தி இல்லாமலும் இல்லை. பின் ஏன் அதைச் செய்ய ஆரம்பித்தார் என்றால், குடியை விடுவதற்காக. கண் மஞ்சளாகி ஆஸ்பத்திரியில் இருபது நாள் கிடந்துவிட்டு வந்திருந்தார். இனி ஒரு சொட்டு உள்ளே போனாலும் ஆள் தங்கமாட்டார் என்று டாக்டர் அம்மாவிடம் சொல்லியிருக்கிறார். சாயங்காலம் ஆறிலிருந்து எட்டு வரைதான் கண்டம், அந்த நேரத்துக்குக் கைக்கு ஒரு வேலை கொடுங்கள், தாண்டிவிட்டால் அன்றைக்குத் தப்பினீர்கள் என்றும் சொல்லியிருக்கிறார். இதெல்லாம் நான் வளர்ந்த பிறகு தெரிந்துகொண்டது. அப்போது எனக்குச் சொல்லப்பட்டது, அப்பாவுக்கு உடம்பு சரியில்லை என்பது மட்டும்.

கூட வேலை பார்த்தவர் ஒருவர் செல்போனில் ஒரு வீடியோ காட்டினாராம். எந்த நாட்டுக்காரனோ, பழைய லாரியின் ஸ்பிரிங் பட்டையிலிருந்து ஒரு கத்தியைச் செய்து, அதை வைத்துக் காகிதத்தை வெண்ணெய் மாதிரி அறுக்கிறான். அப்பா அதை ஒரு வாரம் பார்த்தார். அப்புறம் பழைய இரும்புக் கடையிலிருந்து ஒரு பட்டையை வாங்கிவந்து, கரி அடுப்பில் பழுக்க வைத்து, சாம்பலில் ஆறவிட்டு, முருங்கை மரத்தடியில் ஒரு பலகைக் கட்டையில் முடுக்கிக்கொண்டு உட்கார்ந்தார். வீடியோவில் பத்து நிமிடத்தில் முடிந்த கத்தி, முருங்கை மரத்தடியில் இருபது நாள் எடுத்தது. அதில் பதினெட்டு நாள் அரத்தால் தேய்ப்பதுதான். கறக், கறக், கறக். பக்கத்து வீட்டு மாடு கூட ஆரம்பத்தில் மிரண்டு, பிறகு பழகிக்கொண்டது.

என் தாய்மாமன் வந்து பார்த்துவிட்டு, "குடிக்கும்போது கூட மச்சான் கையில கத்தி இல்ல. இப்ப வுட்டுட்டு கத்தி செய்யறாரு. ஊருக்கு எது நல்லதுன்னு தெரியலியே" என்றார். அப்பாவும் சேர்ந்து சிரித்தார். ஆனால் அரத்தை நிறுத்தவில்லை. அவருடைய கை நடுங்குவதை நான் பார்த்திருக்கிறேன். அரத்தை இரண்டு கையாலும் அழுத்திப் பிடித்தால் நடுக்கம் அடங்கிவிடும், விட்டால் திரும்ப வரும். குளிர் போல என்று நினைத்துக்கொண்டேன், சித்திரை மாதத்தில்.

எனக்கு இந்தக் கத்தி விவகாரத்தில் பெரிய மனக்குறை ஒன்று இருந்தது. முன்பெல்லாம் அப்பா பஸ் நிறுத்தத்துக்குப் பக்கத்துச் சாராயக்கடையிலிருந்து வரும்போது சட்டைப் பையில் ஒரு பொட்டலம் இருக்கும். காரக் கடலை. சில நாள் மிளகாய்த்தூள் போட்ட அவித்த முட்டை. வாசலிலேயே என் பேரைப் பாடிக்கொண்டு வருவார், தடுக்கி விழுவார், விழுந்த இடத்திலேயே உட்கார்ந்து என்னைக் கூப்பிட்டு ஊட்டுவார். அம்மா சுவரைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்திருப்பாள். எனக்கு அம்மாவின் மேல்தான் கோபம் வரும். இப்போதோ பாட்டும் இல்லை, பொட்டலமும் இல்லை, ஆறு மணியானால் கறக் கறக்.

நான் யோசித்துப் பார்த்தேன். அரம் இருக்கிறவரை அப்பா மரத்தடியைவிட்டு எழுந்திருக்கமாட்டார். அரம் இல்லாவிட்டால் கடைக்குப் போவார். கடைக்குப் போனால் கடலை வரும். எட்டு வயது மூளைக்கு அதில் ஒரு ஓட்டையும் தெரியவில்லை. பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் அரத்தை எடுத்து, மூலையில் சுருட்டிச் சாத்தியிருந்த பாய்க்குள் செருகிவிட்டேன்.

ஆறு மணிக்கு அப்பா மரத்தடிக்குப் போனார். குனிந்து பார்த்தார், கட்டையைப் புரட்டிப் பார்த்தார். "அரத்த எடுத்து எங்கியாச்சும் வெச்சியா?" என்று அம்மாவைக் கேட்டார். இல்லையென்ற அம்மா, அடுப்படியைவிட்டு வந்து தேட ஆரம்பித்தாள். விறகுக் குவியலை இழுத்துப் போட்டாள், கோழிக் கூடையைக் கவிழ்த்தாள், சாம்பலுக்குள் கையைவிட்டுத் துழாவினாள். ஒரு இரும்புத் துண்டுக்காக அம்மா இப்படி மூச்சு வாங்குவதைப் பார்க்க எனக்கு வேடிக்கையாக இருந்தது. என்னையும் கேட்டாள். எனக்குத் தெரியாது என்றேன்.

அப்பா கொஞ்ச நேரம் மரத்தடியிலேயே உட்கார்ந்திருந்தார். கைகளைத் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டார். எழுந்தார், திரும்ப உட்கார்ந்தார். அப்புறம் உள்ளே வந்து ஆணியில் மாட்டியிருந்த சட்டையை எடுத்துப் போட்டுக்கொண்டார்.

"வில்லியனூர் வரைக்கும் போயி வேற அரம் வாங்கியாறேன்" என்றார், யார் முகத்தையும் பார்க்காமல்.

வில்லியனூருக்குப் போகிற வழியில்தான் கடை. எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. "வரும்போது காரக் கடலை வாங்கியாப்பா" என்று கத்தினேன்.

அப்பா நிலைப்படியில் அப்படியே நின்றார். பொத்தான் போட்டுக்கொண்டிருந்த கை நின்றுவிட்டது. அம்மா என்னைப் பார்க்கவில்லை, அவரைத்தான் பார்த்தாள். அடுப்பில் பாதி வெந்த சோற்றை இறக்கி வைத்தாள். "இருங்க, நாங்களும் வர்றோம்" என்றாள். எண்ணெய் வழியும் முகத்தோடு, புடவை கூட மாற்றாமல், அம்மா அப்படி வெளியே கிளம்பி நான் பார்த்ததில்லை.

மொபெட்டில் நான் முன்னால் நின்றேன், அம்மா பின்னால் உட்கார்ந்தாள். கடை வந்தது. வாசலில் விளக்குப் போட்டு, கடலை வறுக்கிறவர் சட்டியைத் தட்டிக்கொண்டிருந்தார். அப்பாவுக்குத் தெரிந்த ஒருவர் கை காட்டினார். வண்டி மெதுவானது. நன்றாக நினைவிருக்கிறது, வண்டி மெதுவானது. நான் ஆசையாகத் திரும்பிப் பார்த்தேன். எப்போதும் பின்கம்பியைப் பிடித்துக்கொண்டு வருகிற அம்மாவின் கை, அன்றைக்கு அப்பாவின் தோளில் இருந்தது. நடுரோட்டில், இத்தனை பேர் பார்க்க. எனக்கு வெட்கமாக இருந்தது. வண்டி திரும்ப வேகம் எடுத்தது. கடலை வாசனை கொஞ்ச தூரம் கூடவே வந்தது.

இரும்புச் சாமான் கடையில் அப்பா ஒரு அரம் கேட்டார். "ரெண்டா குடுங்க" என்றாள் அம்மா. கொத்தமல்லிக் கட்டுக்கே பேரம் பேசுகிறவள், விலை என்ன என்று கூடக் கேட்கவில்லை.

அன்றோடு எல்லாம் சரியாகிவிட்டது என்று எழுத ஆசைதான். அப்படி இல்லை. அப்பா அதற்குப் பிறகும் இரண்டு முறை சறுக்கினார், இரண்டு முறையும் எழுந்தார். ஆனால் அந்தச் சாயங்காலம் வீட்டுக்கு வந்து, சட்டையைக் கழற்றி மாட்டிவிட்டு, மரத்தடியில் குண்டு பல்பைப் போட்டுக்கொண்டு புது அரத்தால் தேய்த்தார். எட்டு மணி தாண்டியும் நிறுத்தவில்லை.

சாப்பிட்டதும் அம்மா எனக்குப் பாயை விரித்தாள். அரம் உருண்டு வந்து தரையில் விழுந்தது. பாயை விரிப்பார்களே என்பதை நான் யோசிக்கவே இல்லை. அம்மா அதைக் கையில் எடுத்துப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். முதுகில் நாலு விழும் என்று கண்ணை இறுக மூடிக்கொண்டேன்.

"ஏன்டி ஒளிச்ச?" என்றாள், வெளியே கேட்காத குரலில்.

"அப்பா கடைக்குப் போனாதான கடலை வரும்" என்றேன்.

அடி விழவில்லை. அம்மா என்னை இழுத்து மடியில் போட்டு, முகத்தை என் தலைமுடிக்குள் புதைத்துக்கொண்டாள். அவள் உடம்பு குலுங்கிக்கொண்டே இருந்தது. சிரிக்கிறாள் என்று நினைத்து, நானும் சிரித்தேன்.