என் வீட்டுக்காரரின் தலைமுடி

தமிழ்நாட்டுக்கே தெரிந்த ஒரு நடிகரின் வாழ்க்கையை அவர் படம் ஒன்றைக்கூடப் பார்க்காமல் என்னால் சொல்லிவிட முடியும். சினிமாவுக்கு வந்த புதிதில் வில்லனுக்குப் பின்னால் கைகட்டி நிற்கிற அடியாள். அப்போது ஒட்ட வெட்டிய முடி. கதாநாயகன் ஆனதும் நெற்றியில் ஒரு சுருள் வந்து விழுந்தது. கிராமத்துப் படங்கள் ஓடு ஓடென்று ஓடிய காலத்தில் முறுக்கு மீசை. பிறகு படங்கள் வரிசையாகப் படுத்துக்கொண்டன. தோள்வரை முடி வளர்த்துப் பார்த்தார், அதுவும் எடுபடவில்லை. இப்போது மறுபடியும் அவரைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடுகிறார்கள். பிடரிவரை அலை அலையாக முடி, காதோரம் நரை, முறுக்கு மீசை. இதெல்லாம் எனக்கு எப்படித் தெரியும் என்றால், அத்தனை முடியும் என் வீட்டில் வளர்ந்தது. தலையணை உறையில் எண்ணெய்க் கறை வைத்ததும், குளியலறைச் சாக்கடையை அடைத்துக்கொண்டு நான் குச்சியால் குத்தி எடுத்ததும் அந்த முடிதான்.

என் கணவர் அந்த நடிகரின் டூப். சினிமாவில் இல்லை, திருவிழாவில். கோயில் கொடை, பொங்கல் என்றால் ஊர் மந்தையில் மேடை போட்டு ஆடலும் பாடலும் வைப்பார்கள் இல்லையா, அதில் அவர் மாதிரியே உடுத்திக்கொண்டு, அவர் மாதிரியே நடந்து வந்து, அவர் பாட்டுக்கு ஆடுவார். திண்டுக்கல்லில் ஒரு ஜவுளிக்கடையில் துணி கிழித்துக்கொண்டிருந்தவரைப் பார்த்து எவனோ ஒரு புண்ணியவான், “அண்ணே, நீங்க அப்படியே அவரேதாண்ணே” என்று சொல்லிவிட்டுப் போனான். அன்றைக்குப் பிடித்தது எங்களுக்குச் சனி.

எங்கள் கல்யாணத்தில் வந்தவர்களெல்லாம் மாப்பிள்ளையோடு நின்று போட்டோ எடுத்துக்கொண்டார்கள். என்னைக் கொஞ்சம் தள்ளி நிற்கச் சொன்னார்கள். தள்ளி நின்றவள்தான், இன்னும் அங்கேயே நிற்கிறேன். நாகல் நகரில் ஒரு வாடகை வீடு, முன் அறையில் என் தையல் மெஷின். ஜாக்கெட் தைக்கக் கொடுக்க வருகிற பெண்கள் அளவு கொடுப்பதைவிட உள்ளே எட்டிப் பார்ப்பதிலேயே குறியாக இருப்பார்கள்.

இந்தத் தொழிலில் இருக்கிறவர்கள் பெரும்பாலும் டோப்பா வைத்து ஆடுகிறவர்கள். இவருக்கு அதில் ஒரு கர்வம். எல்லாம் சொந்த முடி, சொந்த மீசை. திருவிழாக் கமிட்டிக்காரர்களும் அதைத்தான் தேடி வருவார்கள். ஒருமுறை நெய்க்காரப்பட்டியிலிருந்து வந்த ஒருவர், “ஏனுங்க, தப்பா நெனச்சுக்காதீங்க” என்று மரியாதையாகச் சொல்லிவிட்டு, எழுந்து வந்து இவர் தலைமுடியைப் பிடித்து ஒரு இழு இழுத்துப் பார்த்தார். முடி வரவில்லை என்றதும்தான் தேதி பேசினார். மாட்டுச் சந்தையில் பல்லைப் பிடித்துப் பார்க்கிற மாதிரி இருந்தது எனக்கு. இவர் என்னவோ பட்டம் வாங்கினவர்போலச் சிரித்துக்கொண்டிருந்தார்.

என் மாமனார் ஆத்தூர்ப் பக்கம் ஒரு கிராமத்தில் மல்லிகை போட்டிருந்தார். மகனுடைய நிகழ்ச்சிக்கு அவர் போனது ஒரே தடவை. பாதியில் எழுந்து வந்துவிட்டார். ஏன் மாமா என்று கேட்டதற்கு, “எம் மகன் ஆடுறான்னு போனேன். அங்க எவனோல்ல ஆடுறான்” என்றார். கோபமாகச் சொல்லவில்லை, பூவில் இன்றைக்கு விலை இல்லை என்று சொல்கிற குரலில் சொன்னார். அதற்கப்புறம் அந்தப் பேச்சையே எடுத்ததில்லை.

மனிதர் மகன்களிடம் எதையும் கேட்டுப் பழகாதவர். கடைசியில் மூச்சு வாங்கிப் பெரியாஸ்பத்திரியில் கிடந்தபோதுதான் ஒன்று கேட்டார். நான் பக்கத்தில் கஞ்சி ஆற்றிக்கொண்டிருந்தேன். இவர் கையைப் பிடித்துக்கொண்டு, “நீ எனக்கு ஒண்ணும் செய்ய வேணாம்ப்பு. மொட்டையப் போட்டு ஒரு கொள்ளிய வச்சுரு. அம்புட்டுதான்” என்றார்.

“வைக்காம எங்க போயிரப் போறேன்ப்பா” என்றார் இவர்.

எங்கள் பக்கத்தில் அப்பனுக்கு மூத்தவன், ஆத்தாளுக்கு இளையவன் என்று ஒரு கணக்கு. இரண்டு மகன்கள் இருக்கிற வீட்டில் மூத்தவனுக்குக் கிடைப்பது ஒரே ஒரு கொள்ளிதான். தலையும் மீசையும் மழித்துக்கொண்டுதான் அதைக் கையில் வாங்க வேண்டும். அதைத் தவறவிட்டால் பிறகு ஆயுசுக்கும் கிடையாது. மாமா கேட்டது அதைத்தான், வேறு எதையும் இல்லை.

அவர் இறந்தது பங்குனியில். பங்குனி, சித்திரை, வைகாசி மூன்றும் இவர்களுக்கு அறுவடைக் காலம். மாமாவை எடுக்கிற நேரம் நெருங்கியது. உள்ளே ஒப்பாரி. நான் கொல்லையில் குடத்தைக் கழுவிக்கொண்டிருந்தபோது இவர் மாட்டுக்கொட்டகைப் பக்கம் வந்து நின்று என்னைக் கூப்பிட்டார்.

“தம்பியவே வைக்கச் சொல்லலாம்னு பாக்குறேன்.”

எனக்கு முதலில் விளங்கவில்லை. விளங்கியதும், “மாமா உங்ககிட்டதானங்க கேட்டாரு” என்றேன்.

“முடி போச்சுன்னா இந்த வருசமே போச்சு. நெய்க்காரப்பட்டிக்கு இந்த வாரம் போகணும்.”

“டோப்பா வச்சுக்கங்க. ஊருல எத்தன பேரு வைக்கல?”

நான் கன்னத்தில் அறைந்த மாதிரி என்னைப் பார்த்தார். “டோப்பா வச்சு ஆடுறவனா நானு?” என்று கேட்டுவிட்டுப் போய்விட்டார்.

சுடுகாட்டுக்குப் பெண்கள் போகிற வழக்கமில்லை. அங்கே என்ன பேசினார்கள், பெரியவர்கள் யார் திட்டினார்கள், யார் சமாதானம் சொன்னார்கள் என்று எனக்குத் தெரியாது. இவரையும் நான் கேட்டதில்லை. குளித்துவிட்டுத் திரும்பி வந்த ஆண்களைத்தான் பார்த்தேன். என் கொழுந்தன் முன்னால் வந்தார், மொட்டைத் தலையில் வெட்டுக்காயத்தோடு. என் கணவர் பின்னால் வந்தார். ஈர முடியைக் கையாலேயே பின்னுக்குத் தள்ளிவிட்டிருந்தார். அந்த அலை கலையவில்லை. வாசலில் நின்ற பெண்கள் அவர் முகத்தைப் பார்க்கவில்லை, தலையைத்தான் பார்த்தார்கள். நான் எங்கே போய் முகத்தை வைத்துக்கொள்வது என்று தெரியாமல் நின்றேன்.

அத்தை மூலையில் உட்கார்ந்திருந்தார். மகன்கள் இருவர் தலையையும் பார்த்தார். சின்னவரைப் பக்கத்தில் கூப்பிட்டு, மொட்டையில் நின்ற தண்ணீரை முந்தானையால் துடைத்துவிட்டார்.

மனசுதான் முக்கியம், மயிரில் என்ன இருக்கிறது என்று இவர் பிறகு பல பேரிடம் சொல்லிக்கொண்டு திரிந்தார். மயிரில் ஒன்றும் இல்லையென்றால் எடுத்திருக்கலாமே என்று ஒருவரும் திருப்பிக் கேட்கவில்லை. எழவு விழுந்த வீட்டுக்காரன் சாமி வாசலை மிதிக்கக் கூடாது. கமிட்டிக்காரர்களிடம் அதைப் பற்றி மூச்சுவிடாமல், நெற்றி நிறைய விபூதி பூசிக்கொண்டு அந்த வாரமே ஆடிவிட்டு வந்தார். நன்றாக ஆடினாராம். விசில் பறந்ததாம். சாப்பிட்டுக்கொண்டே சொன்னார். நான் வெஞ்சனத்தை வைத்துவிட்டு எழுந்து போய்விட்டேன்.

மாமாவின் முதல் தெவசத்துக்கு ஒரு வாரம் இருந்தது. அத்தை எங்கள் வீட்டில்தான் இருந்தார். திண்டுக்கல்லில் கண் ஆபரேஷன் செய்து ஒரு கண்ணில் கட்டுப் போட்டிருந்தார்கள். இன்னொரு கண்ணிலும் புரை, ஆள் வந்தால் நிழலாகத் தெரியும், அவ்வளவுதான். உள் அறைக் கட்டிலில் படுத்தே கிடந்தார்.

அப்போதுதான் அந்த நடிகரின் தகப்பனார் இறந்தார். எங்கள் வீட்டில் டிவி இரண்டு நாள் அணையவில்லை. எந்தச் சேனலைப் போட்டாலும் அந்த வீட்டு வாசல், மாலை, கூட்டம். நடிகர் மொட்டைத் தலையோடு, மீசை இல்லாமல், வேட்டியை மார்பு வரை ஏற்றிக் கட்டிக்கொண்டு கொள்ளிச் சட்டியைத் தூக்கிப் போனதை மறுபடி மறுபடி காட்டினார்கள். எத்தனை பெரிய மனிதர், தகப்பனுக்கு முன்னால் வெறும் மகனாக நிற்கிறார் பாருங்கள் என்று செய்தி வாசிக்கிறவர் உருகி உருகிச் சொன்னார். என் கணவர் டிவிக்கு முன்னால் தரையில் உட்கார்ந்து தேம்பித் தேம்பி அழுதார். மாமா செத்த அன்றும் இவர் அழவில்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் இந்த அழுகையை நான் பார்த்ததில்லை. பாவமாக இருக்க வேண்டியது. எனக்கு ஆத்திரம்தான் வந்தது.

மறுநாள் காலையில் பால் வாங்கப் போனவர் வெயில் ஏறித்தான் வந்தார். வாசலில் யாரோ அந்நிய ஆள் நிற்கிறார் என்று நினைத்து, “யாருங்க?” என்று கேட்டேன். தலையில் ஒரு முடி இல்லை. மீசை இல்லை. கையில் பால் பாக்கெட்.

“ரசிகர் மன்றத்துப் பயலுக அம்புட்டுப் பேரும் மொட்டை அடிச்சுட்டாங்க. நான் அடிக்காம இருந்தா நல்லாருக்குமா? நான்தான அவரு” என்றார்.

“அப்ப மாமா யாருங்க?” என்று கேட்டேன்.

இதில் இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். அந்தப் பெரிய நடிகர் துக்கம் முடிந்த கையோடு டோப்பா வைத்துக்கொண்டு படப்பிடிப்புக்குப் போய்விட்டார். பேப்பரில் கடமை தவறாதவர் என்று எழுதினார்கள். அதைப் படித்துவிட்டு இவரும் மதுரைக்குப் போய் ஒரு டோப்பா வாங்கி வந்தார். என் மெஷினுக்கு மேல் ஆணியில் அது இப்போதும் தொங்குகிறது. மாமாவுக்காக அதை வைத்துக்கொள்ளச் சொன்னபோது என்னைப் பார்த்த பார்வையை நான் மறக்கவில்லை.

அன்றைக்கு வாசலில் நின்றவருக்கு வருகிறேன். இத்தனை வருடத்தில் என் கணவருடைய முகத்தை நான் அன்றுதான் பார்த்தேன். மீசை போனதும் மேலுதடு தெரிந்தது. அது மாமாவின் உதடு. பின்மண்டையில் ஒரு பள்ளம், கட்டைவிரல் பதிகிற அளவுக்கு. மாமாவுக்கும் அதே இடத்தில் அதே பள்ளம் இருந்தது. தலை துவட்டும்போது பார்த்திருக்கிறேன். மாமா மேடைவரை தேடிப் போயும் கண்ணில் படாத மகன், இங்கே பால் பாக்கெட்டோடு நிற்கிறான். எனக்கு அழுகை வந்தது, கூடவே நாலு அறை விட வேண்டும்போலவும் இருந்தது.

இவர் உள்ளே போய் அத்தையின் கட்டில் பக்கத்தில் குனிந்தார். நிழல் வித்தியாசமாகத் தெரிந்திருக்க வேண்டும். அத்தை கையை நீட்டினார். கை நெற்றியில் பட்டு, அப்படியே மேலே ஏறி, வழவழவென்ற தலையில் நின்றது. பிறகு மெதுவாகப் பின்பக்கம் போய் அந்தப் பள்ளத்தைக் கண்டுபிடித்தது. அங்கேயே கொஞ்ச நேரம் தடவிக்கொண்டிருந்தார்.

“அப்படியே அவுக தலை” என்றார். “அவுகளே வந்து குனிஞ்சு நிக்கிற மாதிரி இருக்குய்யா. யாருக்குப்பா இது?”

இவர் உண்மையைச் சொல்லிவிடுவார் என்றுதான் நினைத்தேன். என்னை ஒருதரம் திரும்பிப் பார்த்தார். முன் அறையில் டிவி ஓடிக்கொண்டிருந்தது.

“தெவசம் வருதுல்லத்தா. அப்பாவுக்குத்தான்” என்றார்.

அத்தையின் கை தலையில் அப்படியே நின்றது. பிறகு அதை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டார்.

“கண்ணுக்குத்தான்யா கட்டுப் போட்டிருக்காக” என்றார். “காது நல்லாத்தான் கேக்குது. ரெண்டு நாளா அந்தப் பொட்டி சொல்றதையெல்லாம் கேட்டுக்கிட்டுத்தான் கெடக்கேன்.”

இவர் குனிந்தபடியே நின்றார். அத்தை என் பக்கம் முகத்தைத் திருப்பி, “ஆத்தா, ஒரு சொம்புத் தண்ணி கொண்டா” என்றார். “அடுத்த வீட்டு எழவுத் தலையத் தொட்டுட்டேன். கையக் கழுவணும்.”

கையைப் பிடித்துப் புறவாசலுக்குக் கூட்டிப்போய்த் தண்ணீர் ஊற்றினேன். விரல் இடுக்கெல்லாம் தேய்த்துத் தேய்த்துக் கழுவினார். இவர் கதவோரம் வந்து நின்று பார்த்துக்கொண்டிருந்தார். சொம்பு காலியானதும் போதுமா அத்தை என்று கேட்டேன்.

“இன்னொரு சொம்பு ஊத்து” என்றார்.